பழைய பெட்டியும் புதிய பரீட்சையும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மயிலாப்பூரில் உள்ள நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தோம். வாசற்படியில் கால் வைக்கும்போதே உள்ளிருந்து 'ஹூ' என்று ஓர் இரைச்சல் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. மாவரைக்கும் யந்திரமாக்கும் என்று நினைத்தோம். ஆனால் மாவரைக்கும் யந்திரம் மாவு அரைபட்டதும் நின்றுவிடும். இதுவோ நாம் காப்பி குடித்து முடிக்கும் வரையில் நிற்கவில்லை.

"கேட்டீர்களா, ஸார், இந்தச் சங்கீதத்தை! பத்து நாளாக எங்கள் வீட்டில் இதுதான் கச்சேரி" என்று சொல்லி நண்பர் நம்மை உள் அறைக்கு அழைத்துப் போனார். அங்கே துணி மடிக்கும் மேஜையின்மேல் மூன்று இரும்புப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் முகப்பில் வரிசை வரிசையாகப் பச்சை விளக்குகள் கண் சிமிட்டின. எதிரே தரையில், மடியில் கம்ப்யூட்டருடன் உட்கார்ந்திருந்தாள் நண்பரின் மூத்த குமாரி. நம்மைக் கண்டதும் எழுந்து, "வாருங்கள், மாமா" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் திரையைப் பார்க்கத் தொடங்கினாள்.

"மூன்று வருஷம் காலேஜுக்குப் பணம் கட்டினேன். பி.எஸ்ஸி. தேறினாள். உத்தியோகத்துக்கு எழுதிப் போட்டாள், பதில் இல்லை. இப்போது ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய இரும்பை விலைக்கு வாங்கி வந்திருக்கிறாள். அதோடு விட்டாளா? பரீட்சைக்கென்று இன்னும் இருபத்தையாயிரம் கேட்கிறாள். நீங்களே நியாயம் சொல்லுங்கள்!" என்றார் நண்பர்.

நியாயம் சொல்லுவதற்கு முதலில் விஷயம் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? ஆகையால் பஞ்சாயத்தாராகப் போன நாம், மாலை விளக்கு வைக்கும் வரையில் அந்த மேஜையின் முன் மாணாக்கராக உட்காரும்படி நேர்ந்தது. நமது நேயர்களிலும் பலருடைய வீடுகளில் இதே வழக்கு நடந்துகொண்டிருக்கலாம் என்பதால், நாம் கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறோம்.

அந்தப் பெட்டிகளில் இரண்டு 'ஸ்விட்ச்', ஒன்று 'ரௌட்டர்'. ஒரே தெருவுக்குள் வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரரைப் போன்றது ஸ்விட்ச். ஊர்விட்டு ஊர் போகும் கடிதங்களைப் பிரித்து, எந்த ரயிலில் ஏற்றுவது என்று தீர்மானிக்கும் ஆர்.எம்.எஸ். ஆபீஸைப் போன்றது ரௌட்டர். பாங்குகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் ரயில்வேயிலும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதெல்லாம் இவற்றின் வழியாகத்தான். இவற்றை அமைத்துப் பராமரிக்கத் தெரியும் என்பதற்கு ஸிஸ்கோ கம்பெனியார் 1998-ஆம் வருஷம் முதல் நடத்திவரும் பரீட்சைக்கு சி.சி.என்.ஏ. என்று பெயர். இரண்டு மணி நேரப் பரீட்சை. கட்டணம் 300 டாலர், அதாவது வரி நீங்கலாகவே 25,000 ரூபாய்க்கு மேல். தேறினால் சான்றிதழ் மூன்று வருஷம் செல்லும். தவறினால் கட்டிய பணம் போனதுதான்; மறுபடியும் எழுத மறுபடியும் முழுக் கட்டணம். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இது லேசான விஷயம் அல்ல. நண்பர் முகம் சுளித்ததில் நமக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை.

இவ்வளவு பணம் ஒரே நாளில் போய்விடக்கூடும் என்ற பயத்தினால்தான் ஒரு குறுக்கு வழி பிறந்திருக்கிறது. முன்னே பரீட்சை எழுதியவர்கள் நினைவில் வைத்துக்கொண்டு வந்த கேள்விகளை விடைகளோடு தொகுத்து விற்கிறார்கள். இதற்கு 'டம்ப்' என்று பெயர். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்குக் குப்பைமேடு என்றும் அர்த்தம் உண்டு என்பதை வாங்குகிறவர்கள் கவனிப்பதில்லை போலும். கம்பெனியார் கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்வார்கள் என்பது ஒரு புறம் இருக்கட்டும். அகப்படாமல் தேறிவிட்டவனுடைய கதியை யோசித்துப் பாருங்கள். உத்தியோகத்துக்குப் போன முதல் வாரத்தில், ஒரு கிளை ஆபீஸ் முழுவதும் தொடர்பு அறுந்து நிற்கிறது. மேலதிகாரி அவனைப் பார்க்கிறார். அவனோ நான்கு விடைகளில் எது சரி என்று தேடுகிறான். அங்கே நான்கு விடைகள் இல்லை. ஒரு கேபிள்தான் இருக்கிறது. நமது தேசத்துப் பிள்ளைகளின் சான்றிதழ்களை வெளிநாட்டார் சந்தேகக் கண்ணோடு பார்க்கும்படி செய்ததில் இந்தக் குப்பைமேட்டுக்கும் பங்கு உண்டு என்று நாம் கருதுகிறோம்.

நண்பரின் குமாரி அந்த வழிக்குப் போகவில்லை. அதற்காகவே நாம் பாதித் தீர்ப்பை அப்போதே அவள் பக்கம் எழுதிவிட்டோம்.

ஆனால் பழைய இரும்பு அவசியந்தானா? இதை நாம் கேட்டதும் அவள் நேர்மையாகவே பதில் சொன்னாள். பரீட்சையில் தேறுவதற்கு மட்டுமென்றால் அவசியம் இல்லை. 'பாக்கெட் ட்ரேஸர்' என்று ஸிஸ்கோ கம்பெனியாரே இலவசமாகத் தரும் மென்பொருள் இருக்கிறது. அதில் நூறு ரௌட்டர்களைத் திரையிலேயே வைத்து இணைத்துப் பார்க்கலாம். அவளும் முதல் மூன்று மாதம் அதில்தான் பழகினாளாம்.

"பிறகு ஏன் அம்மா?" என்றோம்.

"அதற்குச் சொல்லிக்கொடுத்த தப்பைத்தான் மாமா, அது செய்யும்" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக நாம் இரண்டாவது காப்பிக்கும் சம்மதித்தோம்.

பெட்டிகள் வந்த முதல் நாள் இரவு நடந்ததை அவள் தாயார் சொன்னார். புதிய கம்ப்யூட்டர்களில் இந்தப் பழைய பெட்டிகளோடு பேசுவதற்கான துவாரமே கிடையாது. அதற்கென்று ஒரு நீல நிறத் தட்டைக் கேபிளும், அதை யு.எஸ்.பி.யில் சொருகுவதற்கு ஒரு மாற்றியும் தனியாக வாங்கவேண்டும். வாங்கிச் சொருகிய பிறகு திரையில் வந்ததெல்லாம் வெறும் கிறுக்கல். பெட்டி கெட்டது, பணம் போயிற்று, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வீட்டில் தீர்ப்பே ஆகிவிட்டது. கடைக்காரனை வைது முடித்த பிறகு, இரவு பதினொரு மணிக்குத்தான் சங்கதி புரிந்தது. பெட்டி 9600 என்ற வேகத்தில் பேசிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் வேறு வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. எண்ணை மாற்றியதும் கிறுக்கல் எழுத்தாயிற்று. எழுத்தாக வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ரகசியச் சொல்?"

முன்பு இந்த ரௌட்டர் ஏதோ ஓர் ஆபீஸில் வேலை செய்தது. அவர்கள் வைத்த ரகசியச் சொல் கடைக்காரனுக்குத் தெரியாது, இவளுக்கும் தெரியாது. இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. அதை நம் முன்னாலேயே இன்னொரு தடவை செய்து காட்டினாள். மின்சாரத்தை நிறுத்திப் போட்டாள். பெட்டி கண் விழிக்கும் முதல் நிமிஷத்துக்குள் 'பிரேக்' என்ற குறிப்பை அனுப்பினாள். பெட்டி பாதித் தூக்கத்தில் நின்றுவிட்டது. அந்த நிலையில் 2102 என்றிருந்த ஓர் எண்ணை 2142 என்று மாற்றி மறுபடியும் எழுப்பினாள். இப்போது பெட்டி, தன்னுள் சேமித்து வைத்திருக்கும் அமைப்பைப் படிக்காமலே எழுந்தது. பழைய அமைப்பிலேதான் ரகசியச் சொல் இருக்கிறது. அதைப் படிக்காதபடியால் யாரையும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய், புதிய ரகசியச் சொல் வைத்து, எண்ணைப் பழையபடி 2102 ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது. இந்தக் கடைசிப் படியை மறந்தால், ஒவ்வொரு தடவை மின்சாரம் போய் வரும்போதும் பெட்டி எல்லாவற்றையும் மறந்து எழுந்திருக்குமாம். நமது நகரத்தில் மின்சாரம் எப்போதாவது போவதுண்டாகையால் இந்தப் பாடம் அவளுக்கு இரண்டாம் நாளே கிடைத்துவிட்டது.

"அப்படியானால் எந்தத் திருடனும் இதைச் செய்யலாமே!" என்றார் நண்பர். அதுவரையில் வாயிற்படியில் நின்றவர் எப்போது தரையில் வந்து உட்கார்ந்தார் என்பதை நாம் கவனிக்கவில்லை.

"செய்யலாம், அப்பா. அதனால்தான் இது இருக்கும் அறையைப் பூட்டி வைக்கவேண்டும். பெட்டி எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் எஜமான்."

நிற்க. ரகசியச் சொல்லைத் தாண்டி உள்ளே போனதும் அவள் கண்டது வேறொரு விஷயம். பழைய உடைமைக்காரரின் கிளைகளின் பெயர்கள், உள் விலாசங்கள், ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு ரகசியமாகப் பேசிக்கொள்ளும் சாவிகள் எல்லாம் அப்படியே இருந்தன. வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்கள் பீரோவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனது போலத்தான். இது அபூர்வமான சம்பவமும் அல்ல. ஈஸெட் என்னும் பாதுகாப்பு ஸ்தாபனத்தார் 18 பழைய ரௌட்டர்களை விலைக்கு வாங்கிச் சோதித்து, அவற்றில் 9-ல் முந்தைய உடைமைக்காரரின் விவரங்கள் முழுமையாக இருந்ததாக 2023-ஆம் வருஷம் வெளியிட்டார்கள். நண்பரின் குமாரி ஒன்றையும் பிரதி எடுக்காமல் அவ்வளவையும் அழித்தாள். பழைய பெட்டி வாங்குகிறவர்கள் செய்யவேண்டிய முதல் காரியம் இதுதான். பெட்டியை விற்கிற ஆபீஸ்காரர்கள் நமது வாசகர்களில் இருந்தால், அவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். ஸ்விட்சில் முக்கிய அமைப்பை அழித்தாலும், கிளைப் பிரிவுகளைக் குறிக்கும் சிறு கோப்பு ஒன்று தனியே தங்கிவிடும். அதையும் தேடி அழிக்கவேண்டும். அழிக்காத ஒரு பழைய ஸ்விட்சை இன்னோர் ஆபீஸில் கொண்டுபோய்ச் சொருகி, அங்கே இருந்த பிரிவுகளையெல்லாம் ஒரு நொடியில் மாய்த்துவிட்ட கதைகள் இந்தத் தொழிலில் உண்டு.

மாலையில் அவள் நமக்கென்று ஒரு வேடிக்கை காட்டினாள். இரண்டு ஸ்விட்சுகளுக்கும் இடையில் ஒன்றுக்கு இரண்டாகக் கேபிள் போட்டாள். ஒன்று அறுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்பது நல்ல யோசனைதானே? ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. "இந்த விலாசக்காரர் யார்?" என்று ஒரு கம்ப்யூட்டர் எல்லோருக்கும் கேட்கும் கேள்வி, ஒரு கேபிள் வழியே போய், மற்றொரு கேபிள் வழியே திரும்பி வந்து, மறுபடியும் போகிறது. தெருவின் ஒரு கோடியில் புறப்பட்ட வதந்தி, சுற்றிக்கொண்டு வந்து, புறப்பட்டவர் காதிலேயே புதிய செய்தியாக விழுந்து, அவர் அதை மறுபடியும் சொல்லத் தொடங்குவதைப் போல. ஊர்விட்டு ஊர் போகும் பொட்டலத்துக்காவது, இத்தனை கைகள் மாறினால் செத்துப்போ என்ற ஆயுள் கணக்கு உண்டு. ஸ்விட்சுக்குள் சுற்றும் செய்திக்கு அந்த ஆயுள் கணக்குக் கிடையாது.

இதைத் தடுக்க, ஸ்விட்சுகள் தமக்குள் பேசிக்கொண்டு, ஒரு வழியை மட்டும் திறந்து மற்றதை இருப்பில் மூடி வைக்கும் முறையை 1985-ஆம் வருஷம் ராடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்க மாது கண்டுபிடித்தார். கணக்கை மட்டும் எழுதி நிறுத்தாமல், அந்த முறையைப் பற்றி ஒரு சிறு கவிதையும் எழுதிச் சேர்த்தாராம். நண்பரின் குமாரி வேண்டுமென்றே அந்தக் காவலை நிறுத்தினாள். அரை நிமிஷம் ஆகியிராது. தனித்தனியே சிமிட்டிக்கொண்டிருந்த விளக்குகளெல்லாம் ஒரே வெறியில் துடித்தன. அவள் விசையை அழுத்தினால் எழுத்து திரையில் விழ நேரமாயிற்று. எதற்கும் பதில் இல்லை. ஒரு கேபிளைப் பிடுங்கினாள், உடனே சாந்தி.

"இதை ஓர் ஆபீஸில் செய்தால்?" என்றோம்.

"முந்நூறு பேர் வேலை நின்றுபோகும், மாமா. இங்கே அப்பா ஒருவர்தான் கோபித்துக்கொள்ளுவார்."

நாம் இத்தனை நேரம் தேடிக்கொண்டிருந்த நியாயம் இதில் அகப்பட்டுவிட்டது. சம்பளம் வாங்கிக்கொண்டு பிறர் வலையில் செய்யக்கூடாத தப்புகளையெல்லாம், சில ஆயிரம் ரூபாய்ச் செலவில், சொந்த வீட்டுக்குள் செய்து தீர்த்துவிடுகிறாள். புத்தகத்தில் ஒரு பக்கமாக இருந்த புயல், விளக்குகளின் துடிப்பைக் கண்ணால் கண்ட பிறகு இந்த ஜன்மத்தில் மறக்காது, நமக்கே மறக்கவில்லை.

இனி, இந்த முயற்சியில் இறங்க விரும்புகிறவர்களுக்கு நாம் விசாரித்து அறிந்த சில விஷயங்கள். பழைய புத்தகங்களிலும் பழைய அண்ணன்மார் தரும் ஜாபிதாக்களிலும் 'ஸீரியல்' அட்டை, அதற்கான கனத்த கேபிள் என்று எழுதியிருக்கும். வாங்காதீர்கள். 2020 பிப்ரவரியில் பாடத்திட்டம் மாறியபோது அந்தப் பாடம் போய்விட்டது. ரிச்சி தெரு வியாபாரிகள் நல்லவர்கள்தான். ஆனால் விற்காமல் கிடக்கும் சரக்கு அவர்களிடமும் உண்டு. 2960 வகை ஸ்விட்ச் இரண்டு, 1841 போன்ற ரௌட்டர் ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். அடுக்கடுக்காகப் பத்துப் பெட்டி வாங்கி அறையை டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போல் ஆக்குவது படிப்பு அல்ல. அது வேறொரு வியாதி. கடையிலேயே மின்சாரம் கொடுத்து, முழுவதும் எழுந்து நிற்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். ரௌட்டர்களுக்குள் வழி தேடும் ஓ.எஸ்.பி.எப். பாடத்துக்குப் பல ரௌட்டர்கள் வேண்டும் என்றால், அதைத் திரையிலேயே பாக்கெட் ட்ரேஸரில் பழகிக்கொள்ளலாம். கம்பியில்லா இணைப்பு, தானியங்கி நிர்வாகம், 2024 ஆகஸ்டில் சேர்த்த செயற்கை அறிவைப் பற்றிய குறிப்புகள் ஆகியவற்றை இந்தக் கிழட்டுப் பெட்டிகளால் கற்பிக்க முடியாது. அவற்றைப் படித்துத்தான் ஆகவேண்டும். மின்சாரக் கணக்கைப் பற்றி நண்பருக்குப் பெருங்கவலை. மூன்று பெட்டியும் சேர்ந்து சுமார் 100 வாட். பத்து மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். படுக்கப் போகும்போது நிறுத்திவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, தூக்கமும் மிச்சம்.

இதெல்லாம் அன்னியச் சரக்குத்தானே, இதில் தேசத்துக்கு என்ன லாபம் என்று கேட்கும் நேயர்களும் இருப்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஸிஸ்கோ கம்பெனி 1984-ஆம் வருஷம் லியோனார்ட் போஸக், ஸாண்டி லெர்னர் என்ற தம்பதிகள் கலிபோர்னியாவில் தங்கள் வீட்டிலேயே தொடங்கியது. அதே 1984-ல்தான் நமது சர்க்கார் ஸி-டாட் ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில், குளிர்சாதன அறை இல்லாமலே நமது வெயிலையும் புழுதியையும் தாங்கும் 128 இணைப்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சை அவர்கள் நிறுவிக் காட்டினார்கள். செய்யத் தெரியாதவர்கள் அல்ல நாம். மேலும், பெட்டியின்மேல் ஒட்டிய பெயர்தான் கம்பெனியுடையது. உள்ளே பேசப்படும் பாஷைகளில் பெரும்பாலானவை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொது விதிகள். அவற்றைக் கற்றவள் நாளைக்கு ஸ்வதேசிப் பெட்டியிலும் வேலை செய்வாள். ஸ்வதேசிப் பெட்டியைச் செய்யவும் செய்வாள். அதுவரையில், குப்பைக்குப் போகவிருந்த மூன்று யந்திரங்களுக்குச் சில வருஷம் ஆயுள் கூடியதும் ஒரு லாபந்தான்.

இவ்வளவும் செய்தால் உத்தியோகம் நிச்சயமா என்று அந்தத் தாயார் நம்மைக் கேட்டார். நிச்சயம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. சான்றிதழ் வைத்திருப்பவர்கள் ஏராளம். பழகாத கைகளை நம்ப ஆபீஸ்காரர்கள் தயங்குகிறார்கள். ஆனால் நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டால் இந்தப் பெண்ணிடம் சொல்லுவதற்குச் சங்கதி இருக்கிறது. அவ்வளவுதான் நம்மால் சொல்லக்கூடியது என்றோம். அந்த அம்மாள் சிறிது நேரம் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் பணத்தைக் கட்டிவிடலாம்" என்று கணவரைப் பார்க்காமலே சொன்னார்.

போன வாரம் நண்பரிடமிருந்து டெலிபோன் வந்தது. பரீட்சைக்கு நாள் குறித்தாகிவிட்டதாம். மேஜை பின்கட்டுக்குப் போய்விட்டதாம். சமையல் ஆகும் வரையில் பெட்டிகளை நிறுத்தி வைப்பதென்று உடன்படிக்கையும் ஏற்பட்டிருக்கிறதாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரிச்சி தெருப் பக்கம் போவதாக இருந்தால், ஸார், அந்த ரௌட்டருக்குச் சின்ன விசிறி ஒன்று வாங்கி வாருங்கள். இருக்கிறது தேய்ந்துவிட்டது. நேற்று நான்தான் கழற்றிப் பார்த்தேன்" என்றார்.